பாலம் சொன்ன விலை

எங்கள் கடைத்தெருவில் முதலில் சொல்லப்படும் எண்ணை யாரும் நம்புவதில்லை. துணிக்கடைக்காரர் ஒன்று சொன்னால் நாங்கள் அதில் பாதியிலிருந்து ஆரம்பிப்போம். பல் டாக்டர் நாலு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால், இரண்டோடு முடித்துக்கொள்ளலாமே என்போம். ஜுரத்தில் படுத்திருந்த ஒருவர், தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டுகிறது என்று நர்ஸ் சொன்னபோது, "சரி, கடைசியா என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கட்டுக்கதை இல்லை, அவர் என் சொந்தச் சித்தப்பா.

இப்படிப்பட்ட தெருவின் முனையில் போய் ஒரு ரயில் பாலத்தைக் கட்டி, அதன் நெற்றியில் 'உயரம் 12 அடி' என்று மஞ்சள் பலகையும் மாட்டினார்கள்.

லாரிக்காரர்கள் அதைப் படிக்காமல் போய் இடித்தார்கள் என்று சொல்வது அபாண்டம். எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டு, வாயைத் திறக்கும்போதே பன்னிரண்டு என்கிறது, கொஞ்சம் அழுத்திக் கேட்டால் பதின்மூன்று வரை வரும் என்று கணக்குப் போட்டார்கள். அழுத்திக் கேட்கவும் செய்தார்கள். பஞ்சு மூட்டை ஏற்றிய பன்னிரண்டரை அடி லாரி ஒன்று உரசாமல் உள்ளே போய் வெளியே வந்தது. பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் பாதுகாப்புக்காக ஓர் அடியைக் குறைத்து எழுதியிருந்தார். அவர் பாதுகாப்பு என்று வைத்ததை நாங்கள் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டோம்.

பதின்மூன்றரை அடி லாரி ஒன்று அதே நம்பிக்கையில் வந்து தலையைக் கொடுத்ததும் இன்ஜினியர் பதறிப்போய்ப் பலகையைப் பதினொன்று ஆக்கினார். அடுத்த இடிக்குப் பத்து. அதற்கடுத்த இடிக்கு ஒன்பது. பாலம் இருந்த இடத்தில் இருந்தது, எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. எங்களுக்கு இது நன்றாகப் பழகிய விஷயம். எதிராளி தானாக இறங்கி வருகிறார் என்றால் அவரிடம் நிறையச் சரக்கு இருக்கிறது, விடக் கூடாது. தவிர, ஒன்பது அடிப் பலகைக்குக் கீழே பதினோரு அடி பஸ் தினமும் போகிறது. அதற்குள் நின்றபடி கண்டக்டர் சில்லறை எண்ணுகிறார். அந்தப் பலகையை எவன் நம்புவான்?

இந்த நிலைமையில்தான் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள். பழைய தார்மேலேயே நாலு விரல் கனத்துக்குப் புதுசு. ரோடு உயர்ந்தால் பாலம் தாழ்ந்த மாதிரி என்பது யாருக்கும் தோன்றவில்லை. பாலம் தன் விலையைச் சத்தம் போடாமல் மாற்றிக்கொண்டது.

முதலில் மாட்டியவர் பெட்டிக்காரரின் பெரிய மாப்பிள்ளை.

பெட்டிக்காரர் என்று நாங்கள் சொல்வது பீரோவும் இரும்புப் பெட்டியும் விற்பவரை. கடையும் அதன் மாடியில் வீடும் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அவருக்கு ஒரு லாரி, இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். நாலு பக்கமும் தகரம் அடைத்த, கூரை போட்ட லாரி. பெரிய மாப்பிள்ளை அதை ஓட்டினார், சின்ன மாப்பிள்ளை கடையில் உட்கார்ந்தார். ஏற்பாடு ஒரு விபத்தில் அமைந்தது. கல்யாணமான புதிதில் பெரியவரைத்தான் கடையில் உட்கார வைத்தார்கள். முதல் வாடிக்கையாளர் ஒரு பீரோவைக் காட்டி விலை கேட்டார். இவர் என்ன விலையோ அதைச் சொன்னார். வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், கதவைத் தட்டினார், அடியில் குனிந்து பார்த்தார். இவ்வளவு ஒழுங்கான விலை சொல்கிறார்கள் என்றால் பெரிய ஓட்டை ஏதோ இருக்க வேண்டும் என்று பயந்து போய்விட்டார். அன்று மாலையே மாமனார் லாரிச் சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தார்.

பெரிய மாப்பிள்ளைக்கு அது வரம். ஸ்டியரிங்கைப் பிடித்தவரிடம் யாரும் விலை கேட்பதில்லை. காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைக்கும் அடுக்குமாடிகளுக்குச் சரக்கோடு போவார், மாலையில் காலி லாரியோடு விசில் அடித்துக்கொண்டு வருவார். பாலத்தைத் தவிர்த்து ஆற்றோரமாகச் சுற்றினால் அரை நாள் போய்விடும். அதற்கு மாமனார் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு பலகையிடம் தோற்றுப்போய்ச் சுற்றிக்கொண்டு போகிறவன் தன் வீட்டில் பெண் எடுத்திருக்க முடியாது என்பது அவர் கட்சி.

புதுத் தார் போட்ட மறுநாள் காலை சரக்கோடு சுகமாகப் போன லாரி, மாலை திரும்பி வரும்போது பாலத்தில் மோதியது. கூரையின் முன்பக்கத் தகரம் டப்பா மூடி போலச் சுருண்டு நின்றது. பெட்டிக்காரர் கடை வாசலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால் விலை படியாது என்று அர்த்தம்.

"மாப்ள," என்றார், "இன்னொரு தடவை இடிச்சீங்கன்னா சாவி சின்னவருக்கு. நீங்க இங்க வந்து என் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கங்க."

சின்ன மாப்பிள்ளை வருத்தம் தெரிவிக்கும் முகத்தோடு அந்த ஸ்டூலைத் துடைத்து வைத்தார். அவருக்கு வெகு நாளாக லாரிமேல் ஒரு கண்.

பெரிய மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. போகும்போது விட்ட பாலம் வரும்போது ஏன் விடவில்லை? பாலத்துக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அவர் மனைவி, பெட்டிக்காரரின் மூத்த மகள், அப்பாவின் மூளையையும் அப்பாவிடம் இல்லாத பொறுமையையும் கொண்டு பிறந்தவள். கூரையை நிமிர்த்த லாரி கடை வாசலில் நின்ற இரண்டு நாளும் மாடி ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் பீரோ ஏற்றி முடித்ததும் சொன்னாள்:

"என்னங்க, லாரி காலியா நிக்கும்போது எதிர்க்கடை போர்டுல போன் நம்பர் மறையுது. பீரோ ஏத்தி முடிச்சா நம்பர் தெரியுது."

"அதுக்கு?"

"சுமை இருந்தா லாரி அமுங்குது, இறக்கினா நிமிருது. எங்கப்பா மாதிரிதான். சரக்கு தேங்கினா குனிஞ்சு நடப்பாரு, வித்துட்டா நெஞ்ச நிமித்துவாரு. நீங்க வித்துட்டு வர்ற அப்பாவ அந்தப் பாலத்துல நுழைக்கப் பாக்குறீங்க."

விஷயம் புரிந்தது. திரும்பும்போதும் சுமை வேண்டும். ஆனால் விற்ற சரக்கைத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி? மாமனாரிடம் கேட்டால், காலி லாரிக்கு எடை வேண்டுமாம், வண்டிக்குப் பசிக்கிறதாமா என்பார். அதற்கும் மகளே வழி சொன்னாள். குடோனின் பின்மூலையில், சாக்குகளுக்கு அடியில், நான்கு பழைய இரும்புப் பெட்டிகள் கிடந்தன. பெட்டிக்காரர் இளம் வயதில் ஏமாந்து வாங்கியவை. பேய் கனம். ஒன்றை நகர்த்தவே ஆறு பேர் வேண்டும். அவற்றை யாரும் வாங்கவில்லை. தான் ஏமாந்ததற்குச் சாட்சியாகக் கிடப்பதால் பெட்டிக்காரர் அந்த மூலைப்பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. எட்டியே பார்க்காத சரக்கு காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

சுமைகாரர்களைப் பிடித்து, சங்கிலி போட்டு இழுத்து, நான்கையும் லாரியின் உட்புறச் சுவரோரம் நிறுத்திக் கட்டினார்கள். அன்றிலிருந்து அவை தினமும் பாலத்தைக் கடந்து போயின, தினமும் கடந்து வந்தன. எதிர்க்கடை போன் நம்பர் எப்போதும் தெரிந்தது. பெரிய மாப்பிள்ளை மறுபடி விசில் அடித்தார்.

ஆனால் அடுக்குமாடிப் பக்கத்து ஜனங்களும் எங்கள் ஜனங்கள்தானே. பீரோவை இறக்கும்போது உள்ளே நான்கு இரும்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்தார்கள். ஒருவர் சும்மா ஒரு பேச்சுக்கு விலை கேட்டார். பெரிய மாப்பிள்ளை, "அது விக்கிறதுக்கு இல்லீங்க," என்றார்.

அந்த ஊர் வரலாற்றிலேயே அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். மறுநாள் நல்ல விலை ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "விக்கிறதுக்கு இல்லீங்க." அதற்கடுத்த நாள் அவர் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தாவது நாள் லாரியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. தினமும் வருகிறது, தினமும் திரும்பிப் போகிறது, எவனுக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறான், அப்படியானால் அது எப்பேர்ப்பட்ட பெட்டியாக இருக்கும்? பூட்டு வெளிநாடு என்றார் ஒருவர். நெருப்பில் போட்டாலும் உள்ளே இருக்கும் காகிதம் கருகாது என்றார் இன்னொருவர். பெரிய மாப்பிள்ளை எதையும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அவர் கவலை எல்லாம் பாலம்.

இதற்கிடையில் சின்ன மாப்பிள்ளை, எலி மருந்து வைக்கக் குடோனின் பின்மூலைக்குப் போனார். சாக்குகளுக்கு அடியில் எதுவும் இல்லை. சகலை பெட்டிகளை ரகசியமாக விற்றுத் தின்கிறார் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்து, ஒரே அடியில் சாவியை வாங்கிவிடலாம். "அண்ணே, இன்னிக்கு நானும் ஒத்தாசைக்கு வர்றேன்," என்று தேனொழுகச் சொல்லி லாரியில் ஏறினார்.

போய்ப் பார்த்தால் பெட்டிகள் லாரியிலேயே பத்திரமாக நிற்கின்றன. சுற்றி நிற்கிற கூட்டமோ விலையை ஏலம் போல ஏற்றுகிறது. சின்ன மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. இந்த விலைக்கா இந்த மனுஷன் மாட்டேன் என்கிறார்? அன்று பார்த்துச் சரக்கு நாலாவது மாடிக்கு, லிஃப்டும் வேலை செய்யவில்லை. பெரிய மாப்பிள்ளை சுமைகாரர்களோடு சேர்ந்து ஒரு பீரோவைப் படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கி இறங்கி வருவதற்குள் நான்கு பெட்டிகளும் நான்கு வீடுகளுக்குப் போய்விட்டன. தூக்கிச் செல்ல வாங்கியவர்களே ஆள் கொண்டுவந்தார்கள். சின்ன மாப்பிள்ளை லாரிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இந்தப் பெருமையை மாமனார் எதிரில் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

திரும்பும் வழியில் லாரி கொஞ்சம் துள்ளியது. ரோடு மோசம் என்றார் சின்ன மாப்பிள்ளை. சகலை பக்கத்தில் இருந்தால் எதுவும் துள்ளத்தான் செய்யும் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

பாலத்துக்குள் பாதி நுழைந்ததும், மேலே பெரிய பாத்திரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். லாரி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கூரை பாலத்தின் வயிற்றில் நன்றாகச் செருகிக்கொண்டது.

பெரிய மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி சகலையைப் பார்த்தார்.

"உள்ள பெட்டி இருக்குல்ல?"

"வித்தாச்சுண்ணே," என்றார் சின்னவர் முகமெல்லாம் சிரிப்பாக. "நாலும்."

பெரியவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் தானாக அலறியது.

அந்த ஹாரனுக்கு ஊரே கூடிவிட்டது. பின்னால் பஸ், அதன் பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் ஆம்புலன்ஸ். நல்ல வேளையாக ஆம்புலன்ஸில் நோயாளி இல்லை, டிரைவரின் மாமியார் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்ஜினியர் டேப்போடு வந்து, இப்போது பலகையை எட்டு ஆக்கலாமா என்று கவலையோடு அண்ணாந்து பார்த்தார். பெட்டிக்காரர் நடந்து வந்தார். எதுவும் கேட்காமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். சாவிக்கான கை அது.

சின்ன மாப்பிள்ளை இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே பிறந்தவர் போலக் குதித்து இறங்கி, குடோன் மூலைப் பெட்டிகள் நான்கையும் விற்றுவிட்டதைச் சொன்னார். அப்புறம் விலையை மாமனார் காதில் சொன்னார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பெட்டிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு எதிர் எண் சொல்ல மறந்தார்.

லாரியை எப்படி எடுப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்து சிமெண்ட் கடைக்காரர் மூட்டை ஏற்றி அமுக்கலாம் என்று சரியான யோசனையைச் சொல்லி, மூட்டைக்கு வாடகையும் சொல்லிக் காரியத்தைக் கெடுத்தார். அப்போதுதான் மூத்த மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மூட்டை எதுக்கு? இத்தன பேர் சும்மாதானே நிக்கிறீங்க, ஏறுங்க," என்றாள்.

சும்மா ஏறுவதா? எவ்வளவு நேரம், ஏறினால் என்ன கிடைக்கும், குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் ஒரே கணக்கா என்று பத்து நிமிஷம் பேரம் நடந்தது. பீரோ வாங்கினால் தள்ளுபடி என்று ஒரு வார்த்தை விட்டாள். அவ்வளவுதான், துணிக்கடைக்காரர், பல் டாக்டர், பஸ் பயணிகள், கண்டக்டர், சுமைகாரர்கள், கடைசியில் டேப்பும் கையுமாக இன்ஜினியர், எல்லாரும் உள்ளே அடைந்தார்கள். மாமனார் கண்ணைக் காட்டியதும் சின்ன மாப்பிள்ளையும் ஏறினார். மகள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். லாரி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. பாலத்துக்கும் கூரைக்கும் நடுவே கோடு போல வெளிச்சம் தெரிந்தது.

பெட்டிக்காரர் மட்டும் கும்பலோடு நிற்பது கௌரவக் குறைவு என்று முன்சீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். லாரி நத்தை வேகத்தில் நகர்ந்தது.

"எப்படி மாப்ள அந்த விலைக்கு ஏத்தினீங்க?"

"நான் ஏத்தல மாமா. விக்கிறதுக்கு இல்லன்னு சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"அவ்வளவுதான்."

"மறுநாளு?"

"மறுநாளும் அதேதான் சொன்னேன்."

பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயுள் முழுக்க விலை சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்ட மனிதர். விலையே சொல்லாமல் ஒரு வழி இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. லாரி பாலத்தைத் தாண்டிக் கடை வாசலில் வந்து நின்றபோது அவர் கண் திறந்தது. அதில் ஒரு பயங்கரமான பாசம் தெரிந்தது.

"நாளையிலேருந்து நீங்க கடையில இருங்க. இடிச்சதுக்காகச் சொல்லல. இந்தக் குடும்பத்துலயே பெரிய வியாபாரி நீங்கதான். இவ்வளவு நாளு டீசல் குடிக்கிற வண்டியில உங்கள வீணாக்கிட்டேன். சாவியக் குடுங்க, சின்னவர் ஓட்டட்டும்."

எதற்குப் பயந்து இத்தனை பாடு பட்டாரோ, அதே ஸ்டூல் இப்போது பரிசாக வருகிறது. பெரிய மாப்பிள்ளை சாவியை உருவிக் கைக்குள் வைத்து மூடினார். கெஞ்சலாம், சண்டை போடலாம், மனைவியைக் கூப்பிடலாம். அவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்.

"இது குடுக்குறதுக்கு இல்ல மாமா."

பெட்டிக்காரர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, ஸ்டூல் வேணாம். என் நாற்காலிய எடுத்துக்கங்க. ஃபேன் அதுக்கு நேரா இருக்கு."

மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார்.

"கல்லாப்பெட்டி சாவி தர்றேன். சாவிக்குச் சாவி."

மாப்பிள்ளை ரோட்டையே பார்த்தார். பின்னால் தகரச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் வெளியில் என்பதால் உள்ளே இருப்பவர்கள் இறங்க முடியவில்லை. தெருவில் பாதிக் கடைகள் ஆளில்லாமல் திறந்து கிடந்தன. பல் டாக்டர் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார் என்று பிறகு தெரியவந்தது.

"கடை போர்டுல உங்க பேர போடுறேன். என் பேருக்குப் பக்கத்துல." தட்டும் சத்தம் பலமானது. "சரி, என் பேருக்கு மேல."

அந்த வாய்தான் அதைச் சொன்னது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கொடுப்பதற்கு வேறென்ன இருக்கிறது என்று தேடியபோதுதான், அந்தச் சின்ன இரும்புத் துண்டுக்கு இவ்வளவு கொடுக்கத் தான் தயாராக இருந்தது உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெறுமானமுள்ள ஒன்றை இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறவனிடமிருந்து பிடுங்குவது வியாபாரமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் வெறுங்கையோடு இறங்கிப் பழக்கமில்லாதவர்.

"நீங்களே வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு. இனிமே நானும் முன்சீட்டுல வருவேன்."

"வாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. அவரும் கொஞ்சம் எடைதானே.

கதவை மகள் திறந்துவிட்டாள். வியர்த்து விறுவிறுத்து இறங்கியவர்களில் இன்ஜினியர் மட்டும் தெளிந்த முகத்தோடு இறங்கினார். இருட்டில் அவ்வளவு நேரம் எங்கள் ஆட்களின் பேச்சை நெருக்கத்தில் கேட்டவருக்கு, தான் இத்தனை நாள் யாருக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு முன்பக்கம் நடந்த பேரத்தையும் தகரத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். மறுநாள் ஒன்பதை அழித்தார். வேறு எண் எதுவும் எழுதவில்லை. 'இந்தப் பாலம் இறங்கி வருவதற்கு இல்லை' என்று எழுதிவைத்தார். பேரத்தை ஆரம்பிக்க ஓர் எண்ணே இல்லாமல் போனதால், லாரிக்காரர்கள் அங்கே வந்து தடுமாறி நிறுத்தி, இறங்கி, வேறு வழியில்லாமல் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பாலத்தை அவர்கள் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

பெட்டிக்காரர் கடையிலேயே கனமான நான்கு புதுப் பெட்டிகளை லாரியில் நிறுத்திக் கட்டினார்கள். முதல் நாளே அடுக்குமாடி ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். முன்சீட்டு ஜன்னலருகே வந்து ஒருவர் ஒரு விலை சொன்னார். பழைய விலையை விட அதிகம். பெட்டிக்காரர் காதில் ரத்தம் பாய்ந்தது. வாய் தானாகத் திறந்தது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை திரும்பிப் போக வேண்டிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டின் கோடியில் பாலம் இருந்தது.

பெட்டிக்காரர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். மெலிந்த குரலில், யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிற மாதிரி, "விக்கிறதுக்கு இல்லீங்க," என்றார்.

வந்தவர் உடனே விலையை ஏற்றினார். மாப்பிள்ளை மாமனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.